சக்கரம் யாருக்காகச் சுழன்றது?

சின்சில்லா வளர்க்கும் வீடுகளில் ஓட்டச் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அது இரவில் சத்தம் போடுமா என்பதைத்தான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகே சுறுசுறுப்பாகும் பிராணி அது. வீட்டார் படுக்கப் போகும் நேரத்தில்தான் ஓடத் தொடங்கும். அச்சு கிறீச்சிட்டால் யாரும் தூங்க முடியாது. ஆனால் சத்தமில்லாத சக்கரத்தைத் தேட இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஓட்டச் சக்கரம் இன்றைய வடிவத்துக்கு வந்த வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், உள்ளே ஓடும் உயிரின் தேவையைக் கருதி அது செய்யப்பட்ட காலம் என்று ஏறக்குறைய எதையும் காட்ட முடியாது. முதலில் அது வேடிக்கை பார்க்கிறவரின் கண்ணுக்காகச் சுழன்றது. பிறகு எண்ணிக்கை எழுதுகிறவரின் ஏட்டுக்காக. அதன் பிறகு கடைக்காரரின் அலமாரிக்காக. சத்தம் வேண்டாம் என்ற கோரிக்கையில்தான் மனிதரின் தேவையும் பிராணியின் தேவையும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்தன. சின்சில்லாவைப் பொறுத்தவரை அந்தக் கோரிக்கை நம்மைவிட அதற்கே அதிகம் உரியது என்பது என் வாதம்.

ஐரோப்பியச் சமையலறைகளில் 16ஆம் நூற்றாண்டிலேயே நாய்களைச் சக்கரத்துக்குள் விட்டு இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றினார்கள். இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818இல் சிறைக் கைதிகளுக்கான மிதிசக்கரத்தை அமைத்தார். இவை இரண்டும் வேலை வாங்கிய சக்கரங்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தகரக் கொல்லர்கள் செய்து விற்ற அணில் கூண்டு இன்னொரு வகை. சிறு வீடு போன்ற தகரப் பெட்டியின் பக்கவாட்டில் கம்பி உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அணில் அதில் ஏறி ஓட, உருளை சுழலும். அந்நாளில் அமெரிக்க வீடுகளில் அணில் வளர்ப்பது சாதாரணம். ஜான் சிங்கிள்டன் கோப்லி 1765இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், ஒரு சிறுவன் பறக்கும் அணிலைப் பொற்சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறான். சுழலும் அந்தக் கம்பி உருளை எவ்வளவு பரவலாகத் தெரிந்த பொருளாக இருந்தது என்பதற்கு, 1889இல் டோலிவோ-டோப்ரொவோல்ஸ்கி வடிவமைத்த மின்மோட்டாரே சான்று. அதன் சுழலும் பகுதி பார்வைக்கு அப்படியே இருந்ததால், இன்றும் கோவைப் பட்டறைகளில் உருவாகும் பம்புகள்வரை அந்த வகை ‘ஸ்குவிரல் கேஜ்’ (அணில் கூண்டு) மோட்டார் என்றே வழங்குகிறது. கம்பிக்கும் கம்பிக்கும் இடையே கால் சிக்குமே, தகரத்தில் கம்பி உரசி அலறுமே என்ற கவலைக்கு அந்தக் கூண்டின் அமைப்பில் இடமில்லை. ஓடுவது வெளியிலிருந்து தெரிய வேண்டும். கம்பிகளை இடைவெளி விட்டு அமைத்ததன் பயன் அதுதான்.

அறிவியல் அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டபோது கம்பிகள் அப்படியே இருந்தன, ஒரு எண்ணி மட்டும் கூடுதலாக வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் காலின் ஸ்டுவர்ட், சுழல்கூண்டில் எலிகளை ஓடவிட்டு, மதுவும் உணவும் காற்றழுத்தமும் அவற்றின் அன்றாட ஓட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்று பதிவு செய்தார். அந்த ஆய்வு 1898இல் வெளியானது. பிரிட்டனில் கைதிகளின் மிதிசக்கரம் கைவிடப்பட வழி செய்த சிறைச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. மனிதர்கள் சக்கரத்திலிருந்து இறங்கத் தொடங்கிய காலத்தில் எலிகள் ஏறின. ஸ்டான்ஃபோர்டில் ஸ்லோனேக்கர் வெள்ளெலிகளின் ஓட்டத்தைப் பிறப்பிலிருந்து இயற்கையான சாவு வரை கணக்கிட்டு 1912இல் வெளியிட்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கர்ட் ரிக்டர் 1922இல் எழுதிய ஆய்வும், அவரது ஆய்வகத்தில் வாங் என்பவர் அடுத்த ஆண்டு செய்த ஆய்வும் இந்த எளிய கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டின. பெண் எலி ஏறத்தாழ 4 நாளுக்கு ஒருமுறை மிக அதிகமாக ஓடுகிறது, அது அதன் இனப்பெருக்கச் சுழற்சியோடு இசைந்து வருகிறது என்பதைச் சக்கரத்தின் எண்ணிக்கையே வெளிப்படுத்தியது. பாலூட்டிகளின் உடல் கடிகாரத்தோடு தொடர்புடைய ‘கிளாக்’ மரபணு 1994இல் கண்டறியப்பட்டதும் சுண்டெலிகள் சக்கரத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்துத்தான். இவ்வளவு பெரிய அறிவைத் தந்த கருவியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதன் அளவும் கம்பியும் அச்சும் எண்ணிக்கைக்கு ஏற்றவையாக இருந்தால் போதும் என்று கருதப்பட்டன. எலிக்கு எது வசதி என்ற கேள்வி நெடுங்காலம் ஆய்வின் ஓரத்திலேயே கிடந்தது.

ஆய்வகத்திலிருந்து கடைக்கு அந்தச் சக்கரத்தைக் கொண்டுவந்த பிராணி ஹாம்ஸ்டர். 1930இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, சிரியாவின் அலெப்போவுக்கு அருகே ஒரு வளையைத் தோண்டி, தாயையும் குட்டிகளையும் பிடித்துவந்தார். கருங்காய்ச்சல் எனப்படும் காலா-அசார் நோயை ஒத்த தொற்றுகளை ஆராய்ந்துகொண்டிருந்த சால் அட்லருக்கு ஆய்வுப் பிராணி தேவைப்பட்டது. எருசலேமில் பெருகிய ஹாம்ஸ்டர்கள் அடுத்த ஆண்டுகளில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் அஞ்சல் வழியே விற்கப்படும் வீட்டுப் பிராணிகளாயின. ஒரு கைக்குள் அடங்கும் உயிருக்குச் சிறு கூண்டு, சிறு கூண்டுக்குள் அடங்கும் சிறு சக்கரம் என்ற தொகுப்பு அப்படித்தான் நிலைபெற்றது. கூண்டின் அளவு சக்கரத்தின் அளவைத் தீர்மானித்தது. ஓடுகிறவரைக் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். கனடாவின் மாங்க்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் ரீப்ஸும் உடன் ஆய்வாளரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், 23 சென்டிமீட்டர் சக்கரத்தையும் 35 சென்டிமீட்டர் சக்கரத்தையும் முன்னால் வைத்தபோது ஹாம்ஸ்டர்கள் பெரியதையே விரும்பின. வெறும் கம்பிகளைவிட, அவற்றின் மேல் வலை பரப்பிய தளத்தையும் அவை விரும்பின. 100 ஆண்டுக்கு மேலாகக் கம்பிச் சக்கரத்தில் பிராணிகளை ஓடவிட்ட பிறகு வந்த விடை இது.

சின்சில்லா இந்த வரிசையில் கடைசியாக வந்தது. வந்த வழியும் வேறு. ஆண்டீஸ் மலைத்தொடரின் பாறை இடுக்குகளில் கூட்டங்கூட்டமாக வாழ்ந்த இந்தப் பிராணியின் ஒரே மயிர்க்காலிலிருந்து 50க்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கின்றன. அந்த மென்மைதான் அதற்கு எமனாக வாய்த்தது. 1840க்கும் 1916க்கும் இடையில் சிலியிலிருந்து மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட தோல்கள் ஏற்றுமதியாயின. அர்ஜென்டினா, பொலிவியா, சிலி, பெரு ஆகிய நான்கு நாடுகளும் 1910இல் வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்தபோது காட்டில் மிச்சமிருந்தவை மிகச் சில. வட சிலியின் போத்ரேரியோஸ் செம்புச் சுரங்கத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பொறியாளர் மத்தையாஸ் சாப்மன், ஆட்களை அனுப்பிப் பிடித்த 11 சின்சில்லாக்களை, மலையிலிருந்து படிப்படியாகக் கீழிறக்கிப் பழக்கி, 1923இல் கப்பலேற்றி கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் இருக்கும் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை என்றே சொல்லப்படுகிறது. சாப்மன் தொடங்கியது தோல் பண்ணை. அத்தகைய பண்ணைகளின் கூண்டு, குறைந்த இடத்தில் நிறையப் பிராணிகளை வைப்பதற்கென்று வடிவமைந்தது. பெண் சின்சில்லாக்களின் கழுத்தில் வளையம் மாட்டி அவை வெளியேறாதபடி செய்து, ஆண் மட்டும் பின்புறத்துச் சிறு வழியாகக் கூண்டுக்குக் கூண்டு போய்வரும் ஏற்பாடு பல பண்ணைகளில் உண்டு. அங்கே ஓட்டத்துக்கு இடமில்லை, சக்கரமும் இல்லை. பண்ணையிலிருந்து வீட்டுக்கு வந்த சின்சில்லாவுக்கு ஹாம்ஸ்டரின் சக்கரம் தரப்பட்டது. அரைக் கிலோ எடையும், தாவுவதற்கென்றே அமைந்த நீண்ட பின்னங்கால்களும் உள்ள பிராணி அந்தச் சிறு வட்டத்துக்குள் முதுகை மேல்நோக்கி வளைத்துக்கொண்டுதான் ஓட முடியும். 15 அங்குலத்துக்குக் குறையாத விட்டம் வேண்டும் என்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் இன்று வலியுறுத்துவது, இரவல் சக்கரத்தின் குறையைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு.

சத்தத்தைப் பற்றி வளர்ப்பாளர்களைவிட அதிகம் சொல்லக்கூடியவர்கள் செவியியல் ஆய்வாளர்கள். சின்சில்லாவுக்கு ஆய்வகத்திலும் ஒரு வரலாறு உண்டு. அதன் நடுச்செவியைச் சூழ்ந்த எலும்புக் குமிழ் தலையின் அளவுக்கு மிகப் பெரியது. அதற்கு நீண்ட ஆயுளும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள காதுகேளாதோர் மைய நிறுவனத்தில் ஜேம்ஸ் மில்லர் 1970இல் சின்சில்லாவின் கேட்கும் திறனை முழுமையாக அளந்து வெளியிட்டார். மனிதக் காதோடு அது வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தது. 1975இல் அவரும் பட்ரிஷியா கூலும், மனிதப் பேச்சில் ஒலிப்புள்ள மெய்யையும் ஒலிப்பற்ற மெய்யையும் சின்சில்லா ஏறக்குறைய நாம் பிரிக்கும் எல்லையிலேயே பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். இரைச்சல் காதை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இந்தப் பிராணியின் காதை வைத்து அறியப்பட்டது. தொழிற்சாலைத் தொழிலாளியின் காதுக்கு வரும் கேட்டை அளக்க, சின்சில்லாவின் காது பலியானது. அந்தக் கடனை நினைக்காமல் இந்த வரலாற்றைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த அளவுகளைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுண்டெலியின் காது ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளை, அவை பலமாக இருந்தாலொழிய, கேட்பதில்லை. சக்கரம் கூண்டில் மோதி எழுப்பும் தாழ்ந்த கடகட ஒலியில் பெரும்பகுதி சுண்டெலிக்கு இல்லாத ஒலி. சின்சில்லாவோ ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸிலிருந்து 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. நம் உறக்கத்தைக் கெடுக்கும் அந்தத் தாழ்ந்த அதிர்வு முழுவதும் அதற்கும் கேட்கும். மேல் எல்லையிலோ அது நம்மைத் தாண்டிப் போகிறது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ்தான் எல்லை. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். உலர்ந்த அச்சின் மெல்லிய கீச்சொலி 50 வயதுக்காரருக்குக் கேட்காமல் போகலாம், சின்சில்லாவுக்குக் கேட்கும். ஆகவே, என் காதுக்கு அமைதியாக இருக்கிறது என்பது போதிய சோதனை ஆகாது. ஆய்வகங்களில் செவியைக் கெடுத்த இரைச்சலின் அளவுக்கு எந்த வீட்டுச் சக்கரமும் சத்தம் எழுப்பாது. காது செவிடாகும் என்று அச்சுறுத்துவது என் நோக்கமல்ல. நான் சொல்வது வேறு. சிலியில் இயாப்பெல் நகருக்கு அருகே 1983இல் அமைக்கப்பட்ட சின்சில்லா காப்பகத்தின் சரிவுகளில், நரிக்கும் ஆந்தைக்கும் இரையாகும் இந்தப் பிராணிக்கு முதல் காவல் அதன் செவி. இடைவிடாத கடகட ஒலி மற்ற ஒலிகளை மறைத்துவிடும். அந்த நிலையில் காவலை விட்டு இளைப்பாறுவது இரைப் பிராணியின் இயல்புக்கு ஒவ்வாதது.

தானே எழுப்பும் சத்தம்தானே, அது பழகிப்போகும் என்று ஒருவர் மறுக்கலாம். ஓடுகிற சின்சில்லாவைப் பொறுத்தவரை இந்த மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. கலிஃபோர்னியாவில் லீ கவனாவ் 1960களில் காட்டுச் சுண்டெலிகளோடு நடத்திய சோதனைகள் இங்கே உதவுகின்றன. மோட்டார் பொருத்திய சக்கரத்தைத் தாமே இயக்கவும் நிறுத்தவும் எலிகளுக்கு வழி செய்திருந்தார். தாமே இயக்கியபோது அவை விரும்பி ஓடின. ஆய்வாளர் இயக்கிவிட்டபோது போய் நிறுத்தின. சக்கரம் ஒன்றுதான், ஓட்டமும் ஒன்றுதான். யார் தொடங்கியது என்பதே வேறுபாடு. சின்சில்லா கூட்டமாக வாழும் பிராணி என்பதால் இரண்டாக வளர்க்கும் வீடுகளே அதிகம். ஒன்று ஓடும்போது எழும் சத்தத்தை மற்றொன்று தொடங்கவும் இல்லை, அதனால் நிறுத்தவும் முடியாது. கூண்டை விட்டு வேறெங்கும் போகவும் வழியில்லை. பழகிப்போகும் என்ற வாதம் அந்த இரண்டாவது பிராணியிடம் செல்லாது.

இதைவிட ஆழமான மறுப்பு, சக்கரமே கூடாது என்பது. கூண்டில் அடைத்துவிட்டு, போகுமிடமற்ற ஓட்டத்தைக் கொடுப்பது சிறையின் மிதிசக்கரத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று கேட்கிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. பிரிஸ்டலில் கிறிஸ் ஷெர்வின் 1998இல் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது, சக்கர ஓட்டம் பிராணிக்குத் தன்னளவிலேயே ஊக்கம் தருவது, தேடலுக்கோ தப்பித்தலுக்கோ வெறும் மாற்று அல்ல என்ற முடிவை நோக்கி வாதிட்டார். நெதர்லாந்தில் யோகானா மெய்யரும் யூரி ராபர்ஸும் இன்னொரு படி மேலே போய், திறந்த வெளியிலேயே சக்கரத்தை வைத்து ஒளிப்படக் கருவியால் கண்காணித்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. ஒரே ஓட்டம் 18 நிமிடம்வரை நீண்டதும் உண்டு. அருகில் வைத்த உணவை எடுத்துவிட்ட பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. தவளைகளும் நத்தைகளும்கூட அதில் ஏறியிருந்தன. அடைபட்ட துயரம் மட்டுமே ஓடச் செய்கிறது என்ற வாதம் இதோடு விழுந்துவிடுகிறது. ஆனால் சுண்டெலியின் ஓட்டத்தைக் கொண்டு சின்சில்லாவுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாறைக்குப் பாறை தாவும் பிராணிக்கு உயரமும் தட்டுகளும் வெளியே ஓடியாடும் நேரமும் முதல் தேவை. தாவ இடமில்லாத கூண்டில் சக்கரத்தை மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதற்கு இந்த ஆய்வுகளில் எந்த அனுமதியும் இல்லை. அவற்றோடு கூட ஒன்றாக வரும்போது சக்கரம் நல்லதே. அதிலும், வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாத, 25 டிகிரிக்கு மேல் போனாலே வெப்பத்தில் தவிக்கத் தொடங்கும் இந்த அடர்மயிர்ப் பிராணிக்கு, குளிர்ந்த அறையில் மட்டுமே.

அமைதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சத்தம் எப்போதும் வேறொரு குறையின் அறிகுறி என்பது தெரியவரும். கிறீச்சொலி வந்தால் அச்சில் உரசல். உரசல் இருந்தால் கால்கள் வீணாக இழுபடுகின்றன. கடகட ஒலி வந்தால் வட்டம் சமநிலையில் இல்லை, அல்லது அச்சுக்கு ஆட்டம் இருக்கிறது. அப்படியானால் பிராணியின் அடி ஒவ்வொரு சுற்றிலும் பிசகுகிறது. கூண்டின் கம்பி வலையில் நேராக முடுக்கிய சக்கரத்தின் அதிர்வை வலை முழுவதும் வீணையின் குடம்போல் பெருக்கிக் காட்டும். வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வான் 1794இல் வண்டி அச்சுக்காகப் பெற்ற காப்புரிமையிலிருந்து தொடங்கிய குண்டு பேரிங்கின் வரலாறு, சின்சில்லா வளர்ப்பாளர்களிடம் வந்து சேர்ந்தது ஸ்கேட் பலகை வழியாக. 8 மில்லிமீட்டர் அச்சுக்கு ஏற்ற, 22 மில்லிமீட்டர் விட்டமும் 7 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள 608 எனும் பேரிங் எல்லா ஊரிலும் கிடைக்கும் மலிவுப் பொருள். ஒற்றை பேரிங்கைவிட, இடைவெளி விட்டுப் பொருத்திய இரண்டு பேரிங் சக்கரத்தைத் தள்ளாடாமல் நிறுத்தும். சின்சில்லா நுண்ணிய எரிமலைத் தூளில் புரண்டு குளிக்கும் பிராணி. அந்தத் தூள் கூண்டெங்கும் படியும். ஆகவே திறந்த பேரிங்கைவிட ரப்பர் மூடியிட்டதே நீடிக்கும். சிறுநீர் படிந்து உலோகம் அரிப்பதால், சத்தம் திரும்பி வரும் நாளில் எண்ணெய் விடுவதற்கு முன் அச்சைக் கழற்றித் துடைப்பதுதான் முறை. மெல்லக்கூடிய இடத்தில் எண்ணெயே கூடாது.

இந்த வாதத்தை நீட்டிப் போய், மிக லேசாகச் சுழல்வதே மிகச் சிறந்தது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. அது பிழை. கனமான உலோகச் சக்கரம் உரசலே இல்லாமல் சுழன்றால், பிராணி நின்ற பிறகும் தன் வேகத்திலேயே ஓடும். திடீரென்று நின்ற சின்சில்லாவை மேலே தூக்கி எறிந்துவிடும். அதேபோல் அமைதிக்கென்று பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தால், வாழ்நாள் முழுவதும் வளரும் அதன் பற்கள் சில வாரங்களில் விளிம்பைக் கொறித்துத் துகளாக்கும். துகள் வயிற்றுக்குள் போகும். இடைவெளியற்ற தளமும் 15 அங்குலத்துக்கு மேற்பட்ட விட்டமும் உள்ள, எடை குறைந்த அலுமினியச் சக்கரம், தனிக்காலிலோ அதிர்வு தாங்கும் ரப்பர் வளையத்தோடோ நிறுத்தப்பட்டு, கையால் தள்ளிவிட்டால் சில சுற்றுகளில் தானே நிற்பதாக இருந்தால், அதை வாங்கலாம். தள்ளிப் பார்க்கும்போது பக்கத்தில் சிறுவர் யாராவது இருந்தால் நல்லது. நம் காது இழந்துவிட்ட உயர்ந்த கீச்சொலியை அவர்கள் கேட்டுச் சொல்வார்கள்.